விளக்கை அழித்துவிட்டு வெளிச்சத்தைக் காட்டிய கதை

“சார், இதுல பல்பு எங்க சார்?”

கேட்டவர் செல்வம், எங்கள் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன். மைக் கரகரக்கிறது என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்துவிட்டுக் கையில் டெஸ்டரோடு தூண் பக்கம் வந்தவர், அதில் ஒட்டியிருந்த, நான் எடுத்த படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில்தான் நடக்கும். கார்களைத் தெருவில் விட்டுவிட்டு நீல பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார்கள். தரையில் எண்ணெய்க் கறை, காலடியில் கொசு, தூரத்தில் ஹோசூர் ரோட்டு ஹாரன். அன்றைய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நாலாவது பொருள் நான்.

தேதி, நேரம், காற்றின் ஈரம் எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. தேதிகளை அடுக்கி வாசகர்களைக் களைப்பாக்க வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் அன்போடு கேட்டுக்கொண்டிருப்பதால், பொங்கல் கரும்பின் சக்கை தெருமுனையில் இன்னும் காய்ந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

படத்தில், கறுப்புப் பின்னணியில் சிவப்பாக ஒரு மேகம். விறகடுப்புத் தீயைக் காற்று ஒரு பக்கமாக இழுத்தது போல நாக்குகளும் மடிப்புகளுமாக இருக்கும். தீச்சுடர் நெபுலா என்று அந்த விண்வெளி வாயு மேகத்துக்குப் பெயர்.

“பல்புன்னா?” என்றேன்.

“இவ்ளோ பெரிசா எரியுதே சார். எரிய வைக்கிறது ஒண்ணு வேணும்ல? கனெக்‌ஷன் இல்லாம எப்படி எரியும்?”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேகத்தை எரிய வைக்கிற விண்மீன் ஒன்று உண்டு. அது படத்தில் இல்லை. என் கையாலேயே அழித்திருந்தேன்.

நாலாவது பொருள் ஆன விதம்

இரண்டு வாரம் முன்பு சங்கச் செயலாளர் நாகராஜ் எங்கள் வீட்டு மணியை அடித்தார். கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது பாதி தமிழ், பாதி கன்னடம். “தப்பு திள்கோபேடி சார்” என்று அவர் ஆரம்பித்தால், நாம் தப்பாக எடுத்துக்கொள்ளும்படி ஏதோ வருகிறது என்று பொருள்.

“தப்பு திள்கோபேடி சார். பி பிளாக் அஞ்சாவது மாடி பொண்ணு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கு. நீங்க தினா சாயங்காலம் டெலஸ்கோப்ல அவங்க ஜன்னல பாக்றீங்கன்னு.”

காப்பி டம்ளரோடு வந்த என் மனைவி வசந்தா நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மயிரிழை வித்தியாசத்துக்காகப் பெட்டி பெட்டியாகச் சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது என்னையே திருப்பி அனுப்ப ஒரு சீட்டு வந்திருந்தது.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊர்தான். வீட்டில் கொஞ்சுவது தமிழில், கோபம் கன்னடத்தில். நாகராஜ் படியிறங்கியதும் வசந்தா கன்னடத்துக்கு மாறினாள்.

“ஏன்ரீ, பேக்கித்தா இது நமகெ?”

இது நமக்குத் தேவையா என்றாள். அதற்குப் பிறகு அவள் மாலை நடைக்குக் கீழே இறங்கவில்லை. கேட்டதற்குக் கால் வலி என்றாள். அவள் கால் எனக்குத் தெரியும். வலி காலில் இல்லை.

கூட்டத்தில் நான் விளக்கம் சொல்ல வேண்டும், உறுப்பினர்களுக்குத் திருப்தி ஏற்படாவிட்டால் மொட்டைமாடிச் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. சாவியை அப்படித் திருப்பித் தந்தவனை லிஃப்டில் பார்க்கிற ஒவ்வொருவரும் என்ன நினைப்பார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பதிமூன்று டிகிரி

புகார் கொடுத்த பெண் நித்யா. கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கல்லூரியில் படிக்கும் தங்கையோடு தனியாக இருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் ஜன்னலிலிருந்து பார்த்தால் நான் செய்வது அப்படித்தான் தெரியும்.

பூமி சுற்றுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு நிமிடம் கேமராவைத் திறந்து வைத்தால் விண்மீன் புள்ளியாக விழாமல் கோடாகிவிடும். ஆகவே தொலைநோக்கியைத் தாங்கும் கருவியும் வானத்தோடு சேர்ந்து சுழல வேண்டும். அது சரியாகச் சுழல, அதன் அச்சை முதலில் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். அதற்கென்றே தாங்கியில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் குழாய் உண்டு. தினமும் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் குனிந்து, ஒரு கண்ணை மூடி, அதில் பார்ப்பேன்.

துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை அந்த ஊரின் அட்சரேகை சொல்லிவிடும். டில்லியில் இருபத்தெட்டு டிகிரிக்கு மேல். அங்கே குடியிருந்திருந்தால் என் குழாய் நன்றாக அண்ணாந்து நின்றிருக்கும், ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெங்களூரில் வெறும் பதிமூன்று. பார்ப்பவர் கண்ணுக்குக் குழாய் படுத்த மாதிரிதான் இருக்கும்.

எங்கள் ஏ பிளாக்குக்கு நேர் வடக்கே பி பிளாக். எங்களைவிட ஒரு மாடி கூடுதல். அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியின் விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே துருவ நட்சத்திரம். தொட்டிக்கு நேர் கீழே நித்யாவின் ஜன்னல்.

மூன்று குளிர்காலமாக, மழை மேகம் இல்லாத மாலைகளில், விளக்கு வைக்கிற நேரம் தாண்டியதும், மங்கி குல்லா போட்ட ஒரு கிழவன் அந்த ஜன்னலை நோக்கிக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். இது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு எதிர்வீடு கண்ணில் படாது.

பார்த்தேன் என்று சொன்ன பொய்

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. எனக்கும் வசந்தாவுக்கும் கல்யாணம் நடந்தது பிரேசர் டவுன் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில், காலை முகூர்த்தத்தில். அம்மி மிதித்ததும் அருந்ததி பார்க்க வேண்டுமே. வெளியே கூட்டிப்போக நேரமில்லை என்று புரோகிதர் கூரையைக் காட்டினார். அவர் விரல் போன திசையில் ஒரு மின்விசிறி.

“அருந்ததி தெரியறதா?”

“பார்த்தேன்” என்றேன். “பார்த்தேன்” என்றாள் அவளும்.

கண்ணால் காணாத விண்மீனைக் கண்டதாக நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். பிற்பாடு குறிப்பேடு வைத்துக்கொண்டபோது ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்துக்குப் ‘பார்த்தவர்’ என்று தலைப்பிட்டேன். பார்த்தால் மட்டும் அதில் என் கையெழுத்து விழும். மேகம் மூடிய நாட்களில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். வசந்தாவை எத்தனையோ தடவை மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். “எனக்கு நீங்க மின்விசிறியக் காட்டினதே போதும்” என்பாள்.

மேகம் மட்டும்

இப்போது அந்த விண்மீன். வானத்தில் தேரோட்டி என்றொரு விண்மீன் கூட்டம், தை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தலைக்குமேல் சற்று வடக்கே நிற்கும். அதில் ஏ.இ. என்று இரண்டெழுத்துப் பெயர் கொண்ட ஒரு விண்மீன். இருண்ட ஊரில் கூர்மையான கண்ணுக்கு மட்டும் தென்படும். பெங்களூரில் தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. அது நம் சூரியனைவிடப் பல மடங்கு சூடானது. அதன் கதிர் பட்டுத்தான் பக்கத்திலிருக்கும் வாயு சிவப்பாக ஒளிர்கிறது. விண்மீனை எடுத்துவிட்டால் அந்த மேகம் வெறும் இருட்டு.

படமெடுப்பவர்களிடம் இப்போது ஒரு வழக்கம் உண்டு. எடுத்த படத்திலிருந்து விண்மீன்களை மென்பொருளால் தனியே பிரித்துவிடுவோம். மேகத்தை மட்டும் பொறுமையாகச் சீர்செய்து, கடைசியில் விண்மீன்களைத் திரும்ப அதன்மேல் வைப்போம். அரிசியையும் கல்லையும் பிரிக்கிற மாதிரி. ஆனால் இங்கே கல்லும் சாப்பாட்டில் சேர்த்தி.

நான் திரும்ப வைக்கவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். உண்மை வேறு. மேகம் மட்டும் அவ்வளவு அழகாக இருந்தது. மூன்று வருட உழைப்பை வெள்ளைப் பொட்டுகள் மறைப்பதற்கு மனம் ஒப்பவில்லை. நடுவே ஏ.இ. வேறு அளவுக்கு மீறி வெளுத்து, இட்லி மாதிரி உப்பி நின்றது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேகத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டேன். அதை எடுத்துக்கொண்டுதான் என் பெயரைக் காப்பாற்றக் கூட்டத்துக்குப் போனேன்.

செல்வம் கேட்டு முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞன் சொன்னான்.

“அங்கிள், இப்போ ஏ.ஐ. கிட்ட சொன்னா ரெண்டு செகண்ட்ல இதைவிட நல்லா வரைஞ்சு குடுத்துடும்.”

வீட்டுக்கு ஓடி விண்மீன்களைத் திரும்ப வைத்து வேறொரு படம் கொண்டுவரலாமா என்று நினைத்தேன். ‘இப்பத்தான் வச்சுட்டு வந்தீங்களா’ என்பார்கள்.

நித்யா எழுந்தாள்.

“அங்கிள், உங்கள அசிங்கப்படுத்தோணும்னு இல்லீங்க. நானும் தங்கச்சியும் மட்டும் இருக்கறோம். தினமும் ஏழு மணிக்கு அந்தக் குழாய் எங்க ஜன்னலப் பார்த்து நிக்குதுங்க. நீங்க குனிஞ்சு பார்க்கறீங்க. நாங்க ஸ்க்ரீனைப் போட்டுட்டு உள்ள உக்காந்துக்கறோம். நீங்களே சொல்லுங்க, நாங்க என்னன்னு நினைக்கறது?”

“குழாய் உங்கள் வீட்டுப் பக்கம்தான் நிற்கிறதம்மா” என்றேன். அது மறுக்க முடியாத உண்மை. கூட்டத்தில் சலசலப்பு. நாகராஜ் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்போதுதான் சொன்னேன். “வருகிற சனிக்கிழமை ஏழரைக்கு எல்லோரும் மாடிக்கு வாருங்கள். மாடிக் கதவு பூட்டுகிற பத்து மணிக்குள், உங்கள் கண் முன்னால், இந்த மேகத்தையும் அதன் விளக்கையும் எடுத்துக் காட்டுகிறேன். படம் வரவில்லையென்றால் சாவியை அங்கேயே தந்துவிடுகிறேன்.”

“பல்போடயா சார்?” என்றார் செல்வம்.

“பல்போடுதான்.”

சனிக்கிழமை

சனிக்கிழமை ஆறு மணிக்கு வானம் முழுக்க மேகம்.

ஏழரைக்குப் பத்தொன்பது பேர் மாடியில் நின்றார்கள். எண்ணினேன், எண்ணுவது என் தொழில். வசந்தா இல்லை. ஏழே முக்காலுக்குக் கிழக்கே ஒரு கிழிசல் விட்டது. பிறகு யாரோ பாயைச் சுருட்டுவது போல மேகம் மேற்கே ஒதுங்கியது. வடக்கே தொட்டிக்கு மேல் துருவ நட்சத்திரம் வந்து நின்றது.

முதல் வேலையாகக் குட்டிக் குழாயை எப்போதும் போலச் சரிசெய்துவிட்டு நித்யாவைக் கூப்பிட்டேன்.

“நீயே பாரம்மா. கையால் எதையும் நகர்த்த வேண்டாம்.”

அவள் குனிந்தாள். ஒரு கண்ணை மூடினாள்.

“டேங்க்குதாங்க தெரியுது. தலகீழா. அதுக்குக் கீழ சின்னதா ஒரு வெள்ளைப் புள்ளி.”

“இந்தக் குழாயில் எல்லாம் தலைகீழ்தான். அந்தப் புள்ளிதான் துருவ நட்சத்திரம்.”

“எங்க வீட்டுக்கு நேர் மேலயேங்களா இருக்குது?” நிமிர்ந்து வெறும் கண்ணால் தேடினாள். மறுபடி குனிந்தாள். “எங்க ஜன்னலு தெரியலீங்களே.”

“குழாயைக் கொஞ்சம் கீழே இறக்கினால் தெரியும். இறக்கினால் என் படம் கெட்டுப்போகும்.”

தங்கையைக் கூப்பிட்டு, “நீ பாரு” என்றாள். அதற்குப் பின்னால் தானாகவே ஒரு வரிசை உருவானது. நாகராஜின் முறை வந்தது. கண்ணை வைத்தவர் துள்ளினார்.

“சார்! தொட்டியிலேந்து நீரு மேல ஹோக்தா இதெ!”

“தலைகீழாகத் தெரிகிறது நாகராஜ். மேலே போனால் கீழே வருகிறது என்று அர்த்தம்.”

ஒரு கணம் யோசித்தார். “அய்யய்யோ, ஓவர்ஃப்ளோ! செல்வம், மோட்டாரு!”

செல்வம் படிகளில் இறங்கி ஓடினார். ஐந்து நிமிடத்தில் பி பிளாக் மாடியிலிருந்து என் போனுக்கு அழைத்தார். “மோட்டார் ஆஃப் சார். இந்த ஃபோகஸ் லைட்டு உங்க மூஞ்சிலயே அடிக்குதே, அதையும் அணைக்கட்டா? கீழ பேக்கரி போர்டும் நான் போட்ட கனெக்‌ஷன்தான். ஓனர்கிட்ட கேட்டுட்டேன். அணைச்சுக்கோ, நானும் மேல வர்றேங்கறாரு.”

இரண்டும் அணைந்தன. நகரத்தின் வெளிச்சம் அதனால் குறையவில்லை. ஹோசூர் ரோட்டுப் பக்கம் வானம் எப்போதும் போல ஆரஞ்சாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று குளிர்காலமாக என் லென்ஸில் நேராக விழுந்த வெளிச்சம் நின்றது. கேட்டால் அணைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காரா பன் தட்டோடு பேக்கரிக்காரரும், அவர் பின்னாலேயே செல்வமும் வந்து சேர்ந்தார்கள்.

பல்பு

முதலில் விளக்கு. தெருவிளக்கு நிறங்களைத் தடுக்கும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஐந்து வினாடிப் படங்களாக எடுக்கத் தீர்மானித்தேன். குறைந்த நேரம் என்றால் விண்மீன் இட்லி ஆகாது. லேப்டாப்பில் பொத்தானை அழுத்தும்படி நித்யாவிடம் சொன்னேன். திரையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நடுவில் ஒன்று மட்டும் நீலம் கலந்த வெள்ளையில் கூர்மையாக நின்றது.

“இதுதான் உங்கள் பல்பு, செல்வம்.”

“இத்துனூண்டா?”

“இத்துனூண்டுதான். இன்னொன்றும் கேளுங்கள். இது அந்த மேகத்தில் பிறந்தது இல்லை. இருபது லட்சம் வருடத்துக்கும் முன்னால் மிருகசீரிடம் பக்கத்திலிருந்து தூக்கி எறியப்பட்டது என்கிறார்கள். ஓடி வந்துகொண்டே இருக்கிறது. போகிற வழியில் இந்த மேகம் குறுக்கிட்டது. அதைத்தான் எரிய வைத்துக்கொண்டிருக்கிறது.”

“வெளியூர்க்காரனா சார்?” செல்வம் தர்மபுரிக்காரர். “அப்போ நம்மாளுதான்.”

மாடியே சிரித்தது. நித்யா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஃபில்டரைப் போட்டேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம். எடுக்க எடுக்க மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அடுக்க அடுக்க, இரைச்சல் என்று நாங்கள் சொல்கிற மணல் போன்ற பொடிகள் அடங்கி, உண்மையில் இருப்பது மேலே வரும். முதல் படம் வந்தது. புள்ளிகளும் வெறும் சாம்பல் மணலும்தான்.

“ஒண்ணும் காணோமே அங்கிள்” என்றான் பின்வரிசை இளைஞன். இங்கேயும் அவன் பின்னால்தான் நின்றான்.

இரண்டாவது. மூன்றாவது. தனியாக எடுக்கும்போது காத்திருப்பது சுகம். பத்தொன்பது பேர் மூச்சு விடும்போது இரண்டு நிமிடம் மிக நீளம்.

ஐந்தாவது படத்தில் நித்யாவின் தங்கை திரையைத் தொடாமல் விரலால் காட்டினாள். “அக்கா, இங்க ஏதோ செவப்பா இருக்கு பாரு.”

பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் பரவுவது போல அது பரவியது. எட்டாவது படத்தில் ஒரு நாக்கு. பன்னிரண்டில் அதன் மடிப்பு. காரா பன்னைக் கடித்தவர்கள் மென்று விழுங்க மறந்திருந்தார்கள். இளைஞன் தன் போனில் எங்கிருந்தோ அதே நெபுலாவின் படத்தைத் தேடி எடுத்து, முன்னால் வந்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சரக்கைச் சோதிக்கிற அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

“அதே மடிப்பு அங்கிள்” என்றான். “சாரி அங்கிள்.”

ஒன்பதரைக்கு, ஐந்து வினாடிப் படங்களில் பிடித்த விளக்கை மேகத்தின்மேல் அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். சிவப்பு மடிப்புகளின் நடுவே சின்ன நீலப் பொட்டு. சட்டென்று அந்த மேகத்துக்கு ஒரு காரணம் வந்துவிட்டது. எந்த மடிப்பு ஏன் அந்தப் பக்கம் பிரகாசமாக இருக்கிறது என்பது பார்த்தாலே விளங்கியது. நான் அச்சிட்ட படத்தைவிட இது தரத்தில் குறைவு, இரைச்சல் அதிகம். அந்தப் பெரிய அச்சை மறுநாளே சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். எதிர் பிளாக் பால்கனிகளிலிருந்து என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

நான் சாவியை எடுத்து நாகராஜிடம் நீட்டினேன். அது முறை. அவர் வாங்கவில்லை. “தப்பு திள்கோபேடி சார்” என்றார். எனக்குத் திக்கென்றது. “அந்தச் சின்னக் குழாய்ல டெய்லி டேங்கையும் ஒரு தடவை நோடிபிடி.” பார்த்துவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

நித்யா தயங்கி வந்தாள். “அங்கிள், நாளைக்கு ஏழு மணிக்கு நாங்களும் வரலாங்களா? ஸ்க்ரீன் போடாமயே வர்றோம்.”

குறிப்பேட்டைத் திறந்து நேரத்தையும் படங்களின் எண்ணிக்கையையும் எழுதினேன். ‘பார்த்தவர்’ கட்டத்தில் கையெழுத்திடப் போனவன், பேனாவை நித்யாவிடம் கொடுத்தேன். அவளிடமிருந்து அது தங்கைக்கு, நாகராஜுக்கு, பேக்கரிக்காரருக்கு, இளைஞனுக்குப் போனது. செல்வம் தன் பெயருக்குக் கீழே ஒரு பல்பு வரைந்தார். கட்டம் நிரம்பி ஓரத்தில் வழிந்தது.

பூட்டுகிற நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. வசந்தா. கால் வலி இல்லாமல் நாலு மாடி ஏறி வந்திருந்தாள். கை தட்டல் கீழே கேட்டிருக்கிறது.

திரை முன்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, இடமில்லாத அந்தப் பக்கத்தின் அடியில், தன் வட்ட எழுத்தில் எழுதினாள்:

‘பார்த்தேன். இந்தத் தடவை நிஜமாகவே. வசந்தா.’